பிளாசா உங்களோடது

எங்கள் ஊரில் ஊர்ச் சதுக்கத்துக்குப் பெயர் பிளாசா. அரசாங்கத்தில் கிடைக்கும் நிரந்தர வேலைக்கும் பெயர் பிளாசாதான். "அவனுக்கு பிளாசா கிடைச்சிருச்சு" என்றால் வேலை. "பிளாசாவுல நிக்கிறேன், வா" என்றால் சதுக்கம். இதில் யாரும் தடுமாறி நான் பார்த்ததில்லை. எர்லிந்தா ஒசோர்னியோ ஒருவர்தான் தடுமாறினார். பதினாறு ஆண்டுகள் அந்தச் சதுக்கத்தைப் பெருக்கியவர் அவர். கடைசி ஐந்து ஆண்டுகள் அந்த வேலை தனக்கு நிரந்தரமாகிவிட்டது என்று நம்பினார். அப்படி நம்பும்படி மேடை போட்டு, மைக் வைத்துச் சொன்னார்கள்.

ஊரின் பெயர் எல் துலார். கோரைக்காடு என்று பொருள். இப்போது ஊரில் ஒரு கோரைத்தண்டு கிடையாது. அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் கால்வாய் வெட்டி ஏரியை வடித்தார்கள். அடியில் கிடைத்த கறுப்பு மண்ணில் புரோக்கோலி போட்டார்கள். நிலம் நான்கு குடும்பங்களுக்குப் போனது. ஏரிக்காக நான் அழப்போவதில்லை. அது இருந்த காலத்தில் மலேரியாவும் இருந்தது, குழந்தைகள் செத்தார்கள். ஆனால் ஏரியை வடித்தவர்கள் அதன் கரையில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரையில் இருந்த மனிதர்கள் புரோக்கோலி வயலுக்குக் கூலியாகப் போனார்கள். கோரைக்குள் கூடு கட்டி வாழ்ந்த சனாத்தே பறவைகள் ஊருக்குள் வந்தன.

பறவைகள்தான் நன்றாகப் பிழைத்தன. சதுக்கத்தில் இந்திய லாரல் மரங்கள் இருபத்திரண்டு. தச்சன் இழைத்த பெட்டி மாதிரி சதுரமாகக் கத்தரித்து வைத்திருப்பார்கள். அந்தத் தழைக்குள் கோரைக்காட்டைவிட அடர்த்தியான இருட்டு. சாயங்காலம் வயல்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். ஆண் பறவை நல்ல கறுப்பு. வெயில் பட்டால் ஊதாவாகவும் நீலமாகவும் மினுங்கும். உடம்பளவு நீளமான வால், படகின் அடிப்பக்கம் மாதிரி மடிந்திருக்கும். கண் மஞ்சள். பெட்டை சின்னது, பழுப்பு. பாட்டுப் பறவை என்று புத்தகத்தில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். அந்தப் பாட்டில் துருப்பிடித்த கதவு உண்டு, காய்ந்த குச்சி முறியும் ஓசை உண்டு, நிலையம் தேடும் ரேடியோவின் இரைச்சல் உண்டு, நடுவே எங்கிருந்தோ ஒரு நீண்ட, தெளிவான விசிலும் உண்டு. அந்த நேரத்தில் கோவில் மணி அடித்தால் பாதிரியாருக்கே கேட்காது.

கறுப்பாக இருப்பதால் சாத்தானின் பறவை என்று ஒரு கட்சி. வீட்டுக் கூரையில் உட்கார்ந்தால் சாவு விழும் என்று இன்னொரு கட்சி. எங்கள் ஊரில் எல்லாக் கூரையிலும் அது உட்காருகிறது. எல்லா வீட்டிலும் என்றைக்காவது ஒருவர் சாகிறார். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

விரட்டுவதற்கு நகராட்சி எல்லாம் செய்துபார்த்தது. துப்புரவுப் பிரிவின் மேஸ்திரி தோன் கூக்கோ தினமும் சாயங்காலம் திருவிழா ராக்கெட் ஒன்றைக் கொளுத்தி மேலே விடுவார். பறவைகள் கூட்டமாக எழும்பி, கோவிலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, அவர் அடுத்த தீக்குச்சி உரசுவதற்குள் அதே கிளைக்கு வந்துவிடும். ஒரு வருடம் பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி மரத்தில் கட்டினார்கள். மூன்றாம் நாள் அதன் தலைமேல் ஒரு சனாத்தே உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. "ஆந்தைக்காவது பிளாசா கிடைச்சுது, எனக்கு இல்ல" என்று எர்லிந்தா சொன்னார். அப்போது அவருக்கு வேலையின் உண்மை தெரிந்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிக ஆள்.

நான் இந்த ஊர் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியன். பள்ளிக்கூடத்தின் முன்வாசல் சதுக்கத்தின் கிழக்கு ஓரத்தில் திறக்கிறது. ஆறு மணிக்கு நான் வரும்போது அவர் பாதிச் சதுக்கத்தை முடித்திருப்பார். குள்ளமான பெண், அகலமான தோள். இருபது வருடம் புரோக்கோலி வெட்டிய கை. வலது கட்டைவிரல் நேராக நிமிராது. கணவர் வடக்கே எல்லை தாண்டிப் போனார். இரண்டு வருடம் கடிதம் வந்தது, அப்புறம் வரவில்லை. யாரெலி என்று ஒரு மகள். நாற்பத்தேழு வயதில், கை மெதுவாகிவிட்டது என்று வயல் ஒப்பந்தக்காரர் நிறுத்திவிட்டார். மறுவாரம் எர்லிந்தா குச்சி விளக்குமாற்றோடு சதுக்கத்தில் நின்றார். அதே மண்ணிலிருந்து துரத்தப்பட்ட பறவைகளின் எச்சத்தை அள்ளும் வேலை.

பறவைகளை அவர் வெறுத்து நான் பார்த்ததில்லை. ஆண் பறவைகளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருந்தார்.

"கறுப்புக் கோட்டு, நெஞ்சை நிமித்திக்கிட்டு ஒரு நடை, வாயைத் தொறந்தா சத்தம், போற எடமெல்லாம் அசிங்கம். வக்கீலேதான் வாத்தியாரே."

எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் தண்ணீர் தெளிக்காமல் வாசலைப் பெருக்க மாட்டாள். எர்லிந்தாவும் அப்படித்தான். முதலில் இரண்டு வாளித் தண்ணீரைக் கையால் அள்ளி விசிறித் தெளிப்பார். எச்சம் ஊறும். அப்புறம்தான் விளக்குமாறு. பதினொரு வருடம் அப்படிப் பெருக்கினார், ஒரு நாள் இருமியதில்லை.

பிறகு சதுக்கத்தைப் புதுப்பித்தார்கள். பழைய சிமெண்டைப் பெயர்த்துவிட்டு இளஞ்சிவப்புக் கல் பதித்தார்கள். நடுவில் நீரூற்று, அதற்கு மின்விளக்கு. திறப்பு விழாவுக்கு நகராட்சித் தலைவர் வந்தார். இவர் ஏழைகளோடு நின்று படம் எடுத்துக்கொள்வதை ஒரு தொழிலாகவே கற்றவர். எர்லிந்தாவை மேடைக்குக் கூப்பிட்டார். ரிப்பன் கட்டிய புது விளக்குமாறு ஒன்றைக் கையில் கொடுத்தார். தோளில் கை போட்டு, பெயருக்கு முன்னால் மரியாதைக்கு தோன்யா சேர்த்து, மைக்கில் சொன்னார்:

"தோன்யா எர்லிந்தா, இந்த பிளாசா உங்களோடது."

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். எர்லிந்தா அழுதார். வழக்கமான மேடைப் பேச்சுக்கு இந்தப் பெண் ஏன் இப்படி அழுகிறார் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். இரண்டு கோழி அடித்து மோலே வைத்திருந்தார். மிளகாயும் எள்ளும் சாக்லேட்டும் அரைத்த அந்தக் கறுப்புக் குழம்பு, எங்கள் பக்கம் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் வைப்பது. தோன் கூக்கோ வந்திருந்தார், கூடப் பெருக்கும் பெண்கள் வந்திருந்தார்கள். "எல்லாம் பிளாசாவுக்காக" என்று எர்லிந்தா சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். புதுச் சதுக்கம் திறந்த சந்தோஷம் என்று நான் எடுத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தோன் கூக்கோ மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டதாக இப்போது நினைவு வருகிறது. இப்போது வந்து என்ன பயன்?

மறுவாரம் நகராட்சியின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். துப்புரவுப் பிரிவில் மூன்று நிரந்தர இடங்கள். தற்காலிக ஆட்கள் விண்ணப்பிக்கலாம். எர்லிந்தா அதைப் படித்தார், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். விண்ணப்பிக்கவில்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் கொடுத்தவரை அவமதித்த மாதிரி ஆகும் என்று நினைத்தாராம். மூன்றில் ஓர் இடம் தோன் கூக்கோவின் மருமகனுக்குப் போனது. அந்த மருமகன் கையில் விளக்குமாற்றை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்து போட எர்லிந்தாவை யாரும் கூப்பிடவில்லை. நிரந்தரமானவர்கள் எதற்குப் போட வேண்டும் என்று அவர் நிம்மதியாக இருந்தார். உண்மையில், வசதிக்காக எல்லோருக்கும் தோன் கூக்கோவே போட்டுக்கொண்டிருந்தார்.

புதுக் கல் வந்ததோடு ஓர் உத்தரவும் வந்தது. தண்ணீர் தெளிக்கக் கூடாது, கல்லில் கறை படியும். பறவை எச்சத்தோடு தண்ணீர் சேர்ந்தால் இளஞ்சிவப்பு பச்சையாகிவிடுகிறதாம். அதனால் எர்லிந்தா உலர்ந்த எச்சத்தை உலர்வாகவே பெருக்கினார். காலை வெயிலில் அவரைச் சுற்றி இடுப்பளவு வெள்ளைத் தூசி நிற்கும். நான் என் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். முகத்தில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொள்ளச் சொன்னேன். இரண்டு நாள் கட்டினார். மூச்சு முட்டுகிறது என்று அவிழ்த்துவிட்டார்.

சனாத்தேக்கு ஒரு பழக்கம் உண்டு. காய்ந்து விறைத்த தொர்த்தியா, அதாவது சோள ரொட்டித் துண்டு கிடைத்தால் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் முக்கி, ஊறவைத்து, அப்புறம் தின்னும். புது நீரூற்று அவற்றுக்கு வாய்ப்பாகிவிட்டது. ஒரு நாள் காலை, விளிம்பில் நின்று ரொட்டி நனைத்துக்கொண்டிருந்த ஒன்றை எர்லிந்தா விளக்குமாற்றால் காட்டினார்.

"பாருங்க, வக்கீலு காஞ்சதைத் தொடமாட்டாரு, நனைச்சுத்தான் சாப்பிடுவாரு. அவருக்கு அனுமதி இருக்கு."

நான் சிரித்தேன். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

போன வருடம் மார்ச்சில் இருமல் தொடங்கியது. பின்னேரத்தில் காய்ச்சல், ராத்திரி வியர்வை. ஏப்ரலில் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. சுகாதார மையத்தில் இருமலைக் கேட்டார்கள், எடையைப் பார்த்தார்கள், காசநோய் என்று எழுதினார்கள். சளியை மூன்று முறை சோதித்தும் காசக் கிருமி கிடைக்கவில்லை. இருந்தாலும் மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் அவர் ஒரு வேளை தவறாமல் விழுங்கினார். உடம்பு இன்னும் உருகியது. தெருவில் அவருக்கென்று தனி டம்ளர் வந்தது. கூடப் பெருக்கும் பெண்கள் மதியச் சாப்பாட்டை நாலு பெஞ்சு தள்ளி வைத்துக்கொண்டார்கள். மந்திரிக்கிற கிழவி ஒருத்தி கோழிமுட்டையை உடம்பெல்லாம் உருட்டி எடுத்து, கண்ணாடி டம்ளரில் உடைத்து ஊற்றி, இதோ கறுப்புப் பறவையின் காற்று என்று காட்டினாளாம். முட்டைக்குள் இருந்தது முட்டை. கிழவியை நான் திட்டினேன். படித்துப் பட்டம் வாங்கிய சுகாதார மையம் செய்ததும் அதேதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அக்டோபரில் அங்கே ஒரு வருடக் கட்டாய சேவைக்காக ஒரு சின்னப் பெண் மருத்துவர் இருந்தார், இட்செல் என்று பெயர். அதுவரை அந்த வருடம் முழுக்கப் பிரசவத்துக்கும் தடுப்பூசிக்கும் அலைந்திருந்தார், அந்த மாதம்தான் எர்லிந்தா அவர் வரிசையில் வந்தார். இட்செல் செய்தது ஒன்றுதான். "என்ன வேலைம்மா பண்றீங்க?" என்று கேட்டார். ஆறு மாதத்தில் அந்தக் கட்டிடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. எர்லிந்தா சொன்னார். எத்தனை பறவை, எத்தனை வருடம், தண்ணீர் தெளிப்பது எப்போது நின்றது என்றெல்லாம் இட்செல் கேட்டார். அப்புறம் பேனாவைக் கீழே வைத்தார்.

பறவை எச்சம் சேர்ந்து மக்கிய மண்ணில் ஒரு பூஞ்சை வளரும். காய்ந்து தூசியாகப் பறந்தால் நெஞ்சுக்குள் போகும். பார்த்தால் காசநோய் மாதிரியே இருக்கும், காசநோய் மாத்திரைக்கு அசையாது. மருந்து இருக்கிறது, மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். சோதனையும் மருந்தும் தலைநகரில் உள்ள தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனையில் உடனே கிடைக்கும். அதற்குக் காப்பீட்டு எண் வேண்டும். காப்பீட்டு எண் நிரந்தர வேலையோடு வரும்.

"எனக்கு பிளாசா இருக்கே டாக்டரம்மா" என்றார் எர்லிந்தா. அதைச் சொன்னபோது அம்மாவின் முகத்தில் பல மாதம் கழித்து ரத்தம் ஓடியதாக யாரெலி சொன்னாள்.

மறுநாள் நகராட்சிக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், ஏதாவது தாள் நிரப்ப வேண்டியிருந்தால் என்று. எர்லிந்தா சுவரிலிருந்து சட்டகத்தோடு கழற்றிக்கொண்டு வந்தது அந்தப் புகைப்படம்: தலைவர், அவர், ரிப்பன் விளக்குமாறு. பின்பக்க அட்டையில் அவரது கோணல் எழுத்தில், "எனக்கு பிளாசா கொடுத்த நாள்" என்று தேதியோடு எழுதியிருந்தது. அதைப் படித்தபோதுதான் எனக்குக் கோழி நினைவுக்கு வந்தது, மோலே நினைவுக்கு வந்தது.

பணியாளர் பிரிவு அதிகாரி சின்ன வயது, நல்ல மாதிரியான பையன். அவனைக் குற்றம் சொல்ல முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கணினியில் தேடினான். திரும்பவும் தேடினான்.

"நீங்க தற்காலிகப் பட்டியல்ல இருக்கீங்க தோன்யா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை புதுசா சேத்திருக்காங்க. இதுவரைக்கும் அறுபத்திமூணு தடவை."

எர்லிந்தா படத்தை மேசைமேல் வைத்து அவன் பக்கம் திருப்பினார்.

"தலைவரே குடுத்தாரு. ஊரே கேட்டுச்சு. வாத்தியாரும் இருந்தாரு."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் மெதுவாகச் சொன்னான்.

"தோன்யா எர்லிந்தா, அவர் சொன்னது சதுக்கத்தை."

எர்லிந்தா அவனை நம்பாமல் பார்த்தார்.

"சதுக்கத்தை எனக்கு எதுக்குக் குடுக்கிறாரு? நான் அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

பக்கத்து மேசையில் ஒருத்தி சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. அவளும் உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். எர்லிந்தா படத்தை எடுத்து, கண்ணாடியைச் சால்வை முனையால் துடைத்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழுந்தார். படிக்கட்டில் இருமல் பிடித்தது.

கீழே தள்ளுவண்டிகள் நிற்கும் கொட்டகையில் தோன் கூக்கோ இருந்தார். எர்லிந்தா நேராக அவரிடம் போனார்.

"உனக்குத் தெரியுமா கூக்கோ?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார் அவர்.

"தெரிஞ்சா எதுக்குடா கோழி அடிச்சேன்?"

எர்லிந்தா என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, ஒரு விவரத்தைச் சரிபார்க்கிற மாதிரி. "நீங்க ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்க வாத்தியாரே" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். மனு எழுதினேன். பதினாறு வருடம் இடைவெளியில்லாமல் செய்த வேலை தற்காலிகம் ஆகாது என்று சட்டப் பிரிவோடு எழுதினேன். எர்லிந்தாவின் பணியை ஏற்க வேண்டும், காப்பீட்டில் சேர்த்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், பெருக்குபவர்களுக்கு முகக்கவசமும் இரண்டு வாளித் தண்ணீரும் தர வேண்டும் என்று கேட்டேன். இட்செல் மருத்துவக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். ஆசிரியர்கள் பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். தோன் கூக்கோவின் சாட்சிக் கடிதம் கேட்டோம். கொடுத்தார். "தேவைப்படும்போது வந்து போகும் உதவி ஆள்" என்று அதில் இருந்தது.

விஷயம் புரிய வேண்டும் என்று மனுவின் முதல் வரியை நான் பறவை எச்சத்தில் தொடங்கியிருந்தேன். அந்த முதல் வரியோடு அவர்கள் படிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். டிசம்பர் கூட்டத்தின் பொருள் பட்டியலில் அது "சதுக்கத்தில் பறவைத் தொல்லை" என்று பதிவானது. பொதுமக்களின் உடல்நலம் கருதி லாரல் மரங்களை வெட்டிக் குறைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். எர்லிந்தாவின் பெயர் தீர்மானத்தில் இல்லை. என் எழுத்தால் நடந்த ஒரே காரியம், இருபத்திரண்டு மரங்களின் தலை போனது.

மரங்களை வெட்டிய அன்று சாயங்காலம் பறவைகள் வழக்கமான நேரத்துக்கு வந்தன. மொட்டைத் தண்டுகளுக்கு மேலே கறுப்பாகச் சுற்றின. இரைச்சல் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. ஒரு கூட்டம் எங்கள் பள்ளிக்கூட மரங்களுக்குப் போனது, பெரும்பகுதி சுகாதார மையத்து முற்றத்துக்குப் போனது. காசநோயாளிகள் வரிசையில் உட்காரும் பெஞ்சுகளுக்கு மேலே.

இட்செல் விடாமல் அலைந்து எர்லிந்தாவின் ரத்தத்தைப் பொது மருத்துவமனை வழியாகத் தலைநகருக்கு அனுப்பினார். முடிவு வர மூன்று மாதம் ஆனது. வருவதற்குள் அவருடைய சேவை வருடம் முடிந்து போய்விட்டார். முடிவில் பூஞ்சை என்றே இருந்தது. மருந்து ஐந்து வாரத்துக்குக் கொடுத்தார்கள். அந்த ஐந்து வாரத்தில் எர்லிந்தா எழுந்து உட்கார்ந்தார், வாசல்வரை நடந்தார், அரை டம்ளர் சோளக் கஞ்சி குடித்தார். ஆறாம் வாரம் மருந்து இருப்பு இல்லை என்றார்கள். ஏழாம் வாரமும் இல்லை என்றார்கள். இட்செலின் இடத்துக்கு வந்தவர் கோப்பின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்று எழுதினார்.

ஏப்ரலில் நான் பார்க்கப் போனபோது புகைப்படம் திரும்பவும் சுவரில் இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அந்தப் படத்துல நான் நல்லா இருக்கேன் வாத்தியாரே. தோளைப் பாருங்க."

பிறகு பறவைகளைப் பற்றி விசாரித்தார். லாரல் எளிதில் சாகாத மரம். தண்டெல்லாம் துளிர்த்துவிட்டது, வக்கீல்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள் என்றேன். சத்தம் கேட்டது, ஆனால் காய்ச்சலில் கேட்கிறதோ என்று நினைத்ததாகச் சொன்னார். "எங்களை ஒண்ணாத்தான் துரத்துனாங்க. அதுங்களாவது திரும்பி வந்துச்சுங்க" என்றார். நான் கடவுளை நம்புகிறவன் இல்லை. நம்புகிறவனாக இருந்தாலும் அந்த அறையில் அவர் பேரைச் சொல்லி ஆறுதல் சொல்லும் துணிச்சல் வந்திருக்காது.

மே மாதம் இறந்தார். வயது அறுபத்துமூன்று. இறப்புச் சான்றிதழில் காரணம்: நுரையீரல் காசநோய். தொழில்: வீட்டு வேலை. தொழிலையாவது மாற்றச் சொல்லி யாரெலி பதிவு அலுவலகத்தில் கேட்டாள். வேலை பார்த்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அவள் படத்தைக் காட்டினாள். அது விழாப் படம் என்றார்கள்.

துக்க வீட்டுக்குத் தோன் கூக்கோ வந்தார். வழக்கப்படி ஒரு பை சர்க்கரையும் இரண்டு மெழுகுவர்த்தியும் கொண்டுவந்தார். பெட்டியின் தலைமாட்டில் நின்று அழுதார். பொய் அழுகை என்று நான் சொல்ல மாட்டேன். கிளம்பும்போது யாரெலியை ஓரமாகக் கூப்பிட்டார். நான் காபி ஊற்றிக்கொண்டு அருகில் நின்றேன்.

"அம்மாவோட எடம் காலியாத்தான் இருக்கு பாப்பா. வேணும்னா வா."

"பிளாசாவா?" என்று யாரெலி கேட்டாள்.

எந்த பிளாசா என்று அவள் விளக்கவில்லை. அவருக்குப் புரிந்தது. தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"தற்காலிகந்தான். பின்னாடி பாத்துக்கலாம்."

யாரெலி காய்கறி உறையவைக்கும் ஆலையில் வேலை பார்த்தவள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள எடுத்த விடுப்புகளைச் சொல்லி மார்ச்சிலேயே ஆலை அவளை நிறுத்திவிட்டது. ஒன்பது நாள் ஜெபம் முடிந்ததும், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சதுக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டது. குச்சி விளக்குமாறு உலர்ந்த கல்லில் உராயும் சத்தம். ஜன்னலுக்கு வெளியே இடுப்பளவு வெள்ளைத் தூசி.

நான் பள்ளிக்கூடக் குழாயில் இரண்டு வாளி பிடித்துக்கொண்டு வெளியே போனேன். முகக்கவசம் ஒரு பெட்டி முன்பே வாங்கி வைத்திருந்தேன், அதையும் எடுத்துக்கொண்டேன். யாரெலி முகக்கவசத்தை வாங்கி ஒன்றை மாட்டிக்கொண்டாள். வாளியைப் பார்த்ததும் எனக்கும் கல்லுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"வேணாம் வாத்தியாரே. கல்லுல கறை பட்டா என்னை அனுப்பிருவாங்க."

"உங்கம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தியே."

"பார்த்தேன். அதுக்கப்புறமும் திங்கக்கிழமை வருதே."

அவள் திரும்பிப் பெருக்கத் தொடங்கினாள். வாளிகளைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். ஓர் ஆண் சனாத்தே மரத்திலிருந்து இறங்கி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்துவந்தது. அலகில் காய்ந்த தொர்த்தியாத் துண்டு. நீரூற்றுக்குப் போகவில்லை, என் வாளி பக்கமாக இருந்தது. வாளி விளிம்பில் ஏறி நின்று, துண்டை உள்ளே விட்டு, ஊறும்வரை பொறுமையாகக் காத்திருந்தது. யாரெலி அதைச் சுற்றிக்கொண்டு பெருக்கிப் போனாள்.